புது மிஷின் வரும் வரைக்கும்

அரசு ஏதாவது ஒரு கருவிக்கு நிதி ஒதுக்கியதாக அறிக்கை வந்தால், வேலைக்குப் புதிதாக வந்த நிருபர்கள் முதலில் தொகையைச் சரிபார்க்கிறார்கள். தொகை அறிக்கையிலேயே இருக்கும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அந்தக் கருவி எந்த அறையில் நிற்கப் போகிறது, அந்த அறையில் இப்போது என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஓசூரில் மாவட்டச் செய்தியாளனாக வேலை பார்த்த கடைசிக் காலத்தில்தான் எனக்கே இந்தக் கேள்வி தெரிந்தது. நான் ஓய்வு பெற்று அதிக நாள் ஆகவில்லை. நீங்கள் இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். கேட்டுவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தின் மூலையில் தினமும் ஒரு சின்னப் பெட்டி வரும். அன்றைய பூ விலை. கலெக்டர் கூட்டத்தை நாங்கள் விட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். பூ விலை ஒரு நாள் வராவிட்டால் பேரிகை, ஜவளகிரி என்று சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் போன் வரும். அந்த விலையை எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர் மாரப்பா. தளிப் பக்கத்துக்காரர். அங்கே கொஞ்சம் சாமந்தித் தோட்டம் உண்டு. ஓசூர் பூ மண்டியில் ஏலம் கூவுவது அவர் வேலை. கன்னடத்தில் ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, தமிழில் முடிப்பார். ஏலம் முடிந்ததும் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் விலைகளைக் குரல் செய்தியாகப் போடுவார். அதே செய்தி எனக்கும் வரும். அதைக் கேட்டுத்தான் பெட்டியை எழுதுவேன். பல வருடங்களாக என் காலை அவர் குரலில்தான் தொடங்கியது.

அந்தக் குரல் கம்மத் தொடங்கியதை முதலில் கவனித்தவர்களில் நானும் ஒருவன்.

"தொண்டை என்னாச்சு மாரப்பா?" என்று போனில் கேட்டேன்.

"தளிப் பனிண்ணா. நீங்க வெயில் ஊர்க்காரங்க, உங்களுக்குத் தெரியாது."

பனிக்காலம் முடிந்து வெயில் வந்தது, வெயிலும் போய் மழை வந்தது. தொண்டை தெளியவில்லை. அவர் மனைவி ரத்னம்மா சண்டை போட்டு ஓசூரில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போனார். சதையெடுத்துச் சோதித்தார்கள். குரல் நாணில் புற்றுநோய், ஆரம்ப நிலை. கதிர்வீச்சு மட்டும் கொடுத்தாலே சரியாக வாய்ப்பு அதிகம், குரலும் நிற்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தள்ளிப்போட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். மாரப்பா முதல் பாதியை மட்டும் எல்லோரிடமும் சொன்னார்.

எல்லைப்பகுதி மக்கள் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் அரசு நிதியில் இயங்கும் ஒரு சிகிச்சை மையம் இருந்தது. பெயர் இங்கே தேவையில்லை. அங்கே இருந்தது பழைய கோபால்ட் கருவி. உள்ளே கோபால்ட் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும். அதிலிருந்து வரும் கதிரைக் கட்டியின் மேல் பாய்ச்சுவார்கள். வருடங்கள் போகப் போக அந்தப் பொருளின் வீரியம் குறையும். மாரப்பாவை அங்கே அனுப்பினார்கள். சிகிச்சையின்போது தலை அசையாமல் பிடித்துக்கொள்ள முகத்துக்குப் பிளாஸ்டிக் உறை செய்ய நாள் குறித்துக்கொடுத்தார்கள்.

அதே வாரம் சென்னையில் அறிவிப்பு வந்தது. பழைய கதிர்வீச்சுக் கருவிகளை மாற்ற நிதி. பட்டியலில் நம் மையமும் இருந்தது. செய்தி தலைமை அலுவலகத்திலிருந்தே வந்ததால் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் பெட்டி கட்டி, வெள்ளை வெளேரென்ற ஒரு கருவியின் படத்தோடு வந்தது. அந்தப் படத்தில் இருந்த கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மற்ற நாளிதழ்களிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் வந்தது. நம் தொழிலில் இது வழக்கம். அறிவித்த நாளில் படம் போட்டுவிடுவோம். வந்து இறங்கும் நாளில் இன்னொரு படம். நடுவில் உள்ள காலத்துக்குப் படம் கிடையாது, அதனால் செய்தியும் கிடையாது.

மறுநாள் காலை விலை வந்த கையோடு மாரப்பாவின் அழைப்பும் வந்தது.

"பேப்பரண்ணா, நம்ம பேப்பர்லயே போட்டிருக்கீங்கல்ல, புது மிஷின் வருதாமே."

"நிதி ஒதுக்கியிருக்காங்க."

"அதான். புதுசு வர்ற நேரத்துல நான் எதுக்குப் பழசுல போய்ப் படுக்கணும்? ஓஞ்சுபோன மோட்டாரை மாத்தப் போறாங்கன்னு தெரிஞ்சா அதுலயா தண்ணி இறைப்போம்? பிப்ரவரி சீசனும் முடிஞ்சிரும். அப்புறமா நிதானமா புதுசுல போய்க் காட்டிக்கிறேன்."

பிப்ரவரி என்றால் ரோஜா. காதலர் தினத்துக்கு முந்தைய வாரங்களில் ஓசூர் மண்டியில் நிற்க இடம் இருக்காது. அந்த வாரங்களில் ஏலம் கூவாமல் வீட்டில் இருப்பது அவருக்கு நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். அவரைத் தடுக்க என்னிடம் தகவல் இல்லை. தகவல் இல்லாமல் அறிவுரை சொல்லும் நிருபர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தகவலுக்காக மையத்துக்குப் போனேன். கதிர் அளவைக் கணக்கிட்டுக் கருவியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் இயற்பியலாளர் ஒருவர் இருந்தார். பெயர் தமிழரசி, தருமபுரிக்காரர், என் மகள் வயது. பத்திரிகைக்காரர் என்று சொன்னதும் முகம் கொஞ்சம் இறுகியது.

"வாழ்த்துச் சொல்ல வந்தீங்களா சார்? காலையிலேர்ந்து எல்லாரும் வாழ்த்துச் சொல்றாங்க."

"இல்லம்மா. புதுசு எங்க வைப்பீங்கன்னு கேக்க வந்தேன்."

அவர் நடைபாதையின் கோடிக்குக் கூட்டிப்போய்க் கனமான ஒரு கதவைக் காட்டினார். "இதுதான் ரூம். இது ஒண்ணுதான். சுவரைத் தட்டிப் பாருங்க."

தட்டினேன். பாறையைத் தட்டியது போல இருந்தது. கதிர் வெளியே வராமல் இருக்க அவ்வளவு தடிமனாகக் கட்டியிருந்தார்கள். புதுக் கருவி இன்னும் வலிமையானது, அதற்குச் சுவரை மேலும் தடிக்க வைக்க வேண்டும் என்றார். அப்படியானால் முதலில் பழையதைக் கழற்ற வேண்டும். அதற்குள் இருக்கும் கோபால்ட்டைத் தனி வண்டியில் பாதுகாப்பாக அனுப்ப வேண்டும். பிறகு கட்டட வேலை, மின்சாரம், கருவியைப் பொருத்துவது, சோதிப்பது, கதிர்ப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் மும்பை அலுவலகத்திலிருந்து வர வேண்டிய அனுமதி.

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இங்க ட்ரீட்மெண்ட் கிடையாது சார். சேலம் போகலாம், பெங்களூரு போகலாம். யார் கூட்டிட்டுப் போறது, எங்க தங்கறதுன்னு ஆர்டர்ல எதுவும் இல்ல. மிஷினுக்குத்தான் ஆர்டர்."

பொங்கலுக்குப் பிறகு அறையை மூடுவதாக முடிவாகியிருந்தது. சிகிச்சை வாரக்கணக்கில் தினமும் நடப்பது. தொடங்கினால் இடையில் நிறுத்தக் கூடாது. அதனால் மூடுவதற்குள் முடிக்க முடிந்தவர்களை மட்டுமே இனிமேல் சேர்ப்பார்கள். டிசம்பர் தொடக்கத்துக்குள் வந்து படுக்காதவருக்கு அந்த அறையில் இடம் இல்லை. மாரப்பாவுக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. அது அவருக்குத் தெரியாது.

இதை எழுத நான் குறிப்புகளோடு திரும்பியபோதுதான் நெருக்கடி வந்தது. அது வந்த விதத்தைக் கவனியுங்கள், உங்களுக்கும் இப்படித்தான் வரும்.

உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் பிற்பகலில் கூப்பிட்டார். "சார், ஒரு சூடான மேட்டர். அந்த மிஷின்ல கரண்டே இல்லியாம். கதிரெல்லாம் தீந்து போச்சாம். சும்மா படுக்க வச்சு எழுப்பி அனுப்பறாங்கோ. வீடியோவே இருக்குது."

வீடியோவில் கருவியின் பக்கவாட்டுத் தகடு தெரிந்தது. தயாரித்த வருடம் பழையது. அவ்வளவுதான் இருந்தது. அவர் அதைச் சேலத்தில் செய்திகளைத் திருத்திப் பக்கம் கட்டும் எங்கள் டெஸ்க்குக்கும் அனுப்பியிருந்தார். சிறிது நேரத்தில் டெஸ்க்கிலிருந்து அழைப்பு. துணை ஆசிரியர் கெட்டிக்காரர், என்னைவிட இளையவர், என்மேல் மரியாதை உள்ளவர்.

"அண்ணே, தலைப்பு போட்டாச்சு. 'காலாவதியான கருவியில் புற்றுநோய்ச் சிகிச்சை'. முதல் பக்கத்துல கேக்கறாங்க. மேட்டர் மட்டும் அடிச்சு அனுப்புங்க."

"காலாவதின்னு யார் சொன்னது?"

"வருஷம் தெரியுதேண்ணே. அந்த மிஷின் வந்தப்ப நான் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன்."

"என் ஸ்கூட்டரும் அப்ப வாங்கினதுதான். ஓடுது."

"ஸ்கூட்டரை யாரும் தொண்டையில வச்சு ஓட்ட மாட்டாங்கண்ணே."

பதில் நியாயமாகத்தான் இருந்தது. நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடி மையத்துக்குப் போனேன். தமிழரசி உள்ளே இருந்தார். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரியும்வரை யாரும் நுழையக் கூடாது. விளக்கு அணைய வெகுநேரம் ஆனது. பெஞ்சில் காத்திருந்த ஒருவர் தானாகவே எனக்கு விளக்கம் சொன்னார்: "முன்னாடியெல்லாம் படுத்து எந்திரிக்கறதுக்குள்ள முடிஞ்சிருமாம் சார். இப்ப ஒரு தூக்கம் போடலாம்."

வெளியே வந்த தமிழரசியிடம் வீடியோவைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை.

"வீக்கா இருக்கறது உண்மைதான் சார். அதுக்கோசரம்தான் இவ்வளவு நேரம் ஆகுது. டம்ளர்ல ஊத்தற தண்ணி அதேதான், குழாய்தான் மெல்ல வருது. எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு கணக்குப் போட்டு நேரத்தைக் கூட்டறோம். அளந்து பாத்து, வெளியிலேர்ந்தும் வந்து சரிபாத்துட்டுப் போறாங்க. மாத்தணும்னு பல வருஷமா நாங்கதான் எழுதிக் கேட்டிட்டிருக்கோம். ஆனா இன்னைக்கு இதுல படுக்கறவருக்குப் போற மருந்து சரியான மருந்துதான்."

"இதை வேற யார்கிட்டயாவது சரிபாக்கலாமா?"

"தாராளமா." பெங்களூரில் பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார். இவருக்குப் பழக்கமில்லாத ஒருவரின் எண்ணும் வேண்டும் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, தேடிக்கொள்ளச் சொன்னார். தேடினேன். இருவரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். கருவி பழையது, மாற்ற வேண்டியது, வசதிகள் குறைவு. கணக்கு சரியாக இருந்தால் சிகிச்சை பொய் அல்ல.

பக்கம் மூடும் நேரம் நெருங்கியது. டெஸ்க் மறுபடி அழைத்தது.

"அண்ணே, மத்தவங்க கையிலயும் வீடியோ இருக்கு. நாளைக்கு நாம மட்டும் விட்டுட்டு நிப்போம்."

"விட்டா விட்டதாவே இருக்கட்டும். நாளைக்குக் காலையில பத்து பேர் அந்த ஊருக்கு பஸ் ஏறுவாங்க. தலைப்பைப் பாத்துட்டு அதுல யாரு இறங்கிடுவாங்கன்னு யோசி. நான் வேற செய்தி தர்றேன்."

மூடப்போகும் அறை, நடுவில் சிகிச்சை இல்லாத மாதங்கள், அந்த மாதங்களுக்கு ஏற்பாடு எதுவும் இல்லாத ஆணை, சேர்வதற்குக் கடைசி வாரம் எது என்று எழுதி அனுப்பினேன். துணை ஆசிரியர் படித்துவிட்டு, "சரிதாண்ணே, ஆனா இது தூக்கமா வருது" என்றார். உள்பக்கத்தில், இருசக்கர வாகனத் திருட்டுக்குக் கீழே, ஒற்றைப் பத்தியில் வந்தது. சேர்வதற்கான கடைசி வாரம் பற்றிய வரி இடமில்லாமல் வெட்டப்பட்டது. அந்தச் செய்தியை எழுதியதே அந்த வரிக்காகத்தான்.

வேறொரு நாளிதழில் வீடியோவின் படம் பெரிதாக வந்திருந்தது. தலைப்பும் கிட்டத்தட்ட எங்கள் டெஸ்க் யோசித்ததேதான்.

காலையில் மையத்துக்குப் போனேன். முந்தின நாள் தூக்கத்தைப் பற்றிச் சொன்னவர் வந்திருந்தார். பெஞ்சில் அவரைச் சுற்றி இடம் காலியாக இருந்தது. தமிழரசி நோயாளிகளின் எண்களை ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டிருந்தார். சிலர் எடுக்கவில்லை. எடுத்த ஒருவர் ஒலிபெருக்கியில் கேட்டது எனக்கும் கேட்டது: "பேப்பர்லயே போட்டிருக்கே மேடம். பேப்பர்ல பொய்யா போடுவாங்க?"

தமிழரசி என்னைப் பார்க்காமல் போனை மூடினார். "நடுவுல நிறுத்தினா அதுவரைக்கும் குடுத்ததும் வீணாப் போகும் சார். அதை எந்தப் பேப்பர்ல போடுவீங்க?"

வாரக் கடைசிக்குள் பெரும்பாலானவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருவர் வரவில்லை. விசாரித்தேன்; ஊரை விட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று மட்டும் தெரிந்தது. எந்த ஊர் என்று தெரியவில்லை. நான் விசாரித்து முடிக்காத செய்திகளில் அதுவும் ஒன்று.

அந்தத் தலைப்பு வந்த அன்று நான் மையத்திலிருந்து திரும்பியபோது, மாரப்பா அந்த நாளிதழை மண்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஏலம் முடிந்து தரையெல்லாம் காம்பும் இலையுமாகக் கிடந்தது. ரத்னம்மா கணக்குப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்துச் சாமந்தியோடு அவரும் வண்டியில் வந்துவிடுவது வழக்கம்.

"பாத்தீங்களாண்ணா? நல்லவேளை, போகல. போயிருந்தா சும்மா படுக்க வச்சு அனுப்பியிருப்பாங்க." குரல் காற்றாக வந்தது. ஒவ்வொரு வரிக்கும் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பேசினார்.

அருகில் நின்ற ஒரு தரகர், "மாரப்பா இப்பல்லாம் ஏலம் கூவறதில்ல சார், காதுல ரகசியம் சொல்றார். அதனாலதான் விலை இறங்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாரப்பாவும் சிரித்தார், சத்தம் வரவில்லை.

தமிழரசி சொன்னதைச் சொன்னேன். குழாய், டம்ளர், நேரம், அறை, கடைசி வாரம். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "பிடிண்ணா. புதுசு வரட்டும்" என்றார். பிடி என்றால் கன்னடத்தில் விட்டுவிடுங்கள் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் வாதாடுவது எளிது. நானும் வாயைத் திறந்தேன். ஆனால் ஒரு பத்திரிகையில் வந்ததை நம்பிக் காத்திருந்து, இன்னொரு பத்திரிகையில் வந்ததை நம்பிப் பயப்படுபவரிடம், மூன்றாவதாக ஒரு பத்திரிகைக்காரன் போய் என்னை நம்பு என்று சொல்வதற்கு என்ன மதிப்பு? நிருபனுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். நடந்ததை வரிசையாக வைப்பது. என் போனில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் அத்தனையும் அழிக்காமல் இருந்தன. விலையில் தகராறு வந்தால் காட்டுவதற்காக வைத்திருந்தேன்.

அந்த வருடத்துப் பொங்கல் செய்தியை எடுத்து ஒலிக்க விட்டேன். மண்டியே நிமிர்ந்தது. கன்னடத்தில் சேவந்திகே, தமிழில் அதே சாமந்தி, பிறகு தாஜ்மஹால் ரோஸ் என்று மூன்று மொழியிலும் கணீரென்று வந்தது. நடுவில் யாரையோ தெலுங்கில் விரட்டுவதும் கேட்டது. "அது என்னைத் திட்டினது" என்றார் தரகர். அடுத்து யுகாதி. அதுவும் நன்றாக இருந்தது, ஒரு சின்ன உராய்வு மட்டும். அடுத்து ஆடி மாதத்தில் ஒன்று. வரலட்சுமி விரதத்துக்கு முந்தின நாள். ஆயுத பூஜை. அன்றைக்குக் காலையில் வந்தது கடைசி. அதில் விலைகளைவிட மூச்சுதான் அதிகம் கேட்டது.

இம்முறை தரகர் சிரிக்கவில்லை.

மாரப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "யுகாதியை இன்னொரு தடவ போடுங்க" என்றார். போட்டேன். "இப்ப இன்னைக்கு வந்ததை." போட்டேன். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"தினமும் நான்தான் பேசறேன். எனக்கே தெரியலையே."

ரத்னம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சுது. சொன்னா பனிங்கறது. இப்ப பனியா, இல்ல மிஷினா, எது சாக்கு? நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போறோம்."

"பிப்ரவரி சீசனுக்கு?"

"நான் கூவறேன்."

"உன் கூவலுக்கு ரோஜா வாடிரும்."

"வாடட்டும். உனக்கும் சேத்து நான்தான் இத்தனை வருஷம் வீட்ல கூவிட்டிருக்கேன்."

மறுநாள் போனார்கள். உறை செய்து, கணக்குப் போட்டு, கடைசி வாரத்துக்குள் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த அறையில் கடைசியாகச் சேர்க்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். தினமும் பஸ்ஸில் போய், வெகுநேரம் அசையாமல் படுத்து, மதியத்துக்கு மேல் திரும்பினார். சிகிச்சையின் நடுவில் இருந்த குரலும் போயிற்று. அப்படித்தான் ஆகும், பிறகு திரும்பும் என்று சொல்லியிருந்தார்கள். திரும்பும் என்பதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவரால் பதில் சொல்லவும் முடியாது. பிப்ரவரியில் விலைச் செய்திகள் ரத்னம்மாவின் குரலில் வந்தன. குழுவில் கேலி பறந்தது. விலைகள் மட்டும் துல்லியமாக இருந்தன.

நான் எழுதிய ஒற்றைப் பத்திக்கு ஒரு பலன் கிடைத்தது. அதைப் படித்த ஓர் அதிகாரி அறை மூடியிருக்கும் மாதங்களில் நோயாளிகளைச் சேலத்துக்குக் கொண்டுபோய்த் தங்கவைக்க ஒரு வேனுக்கு ஏற்பாடு செய்தார். அது வந்தது, எல்லா வாரமும் வரவில்லை. அதையும் எழுதினேன். அந்தச் செய்திகளையும் டெஸ்க் தூக்கம் என்றுதான் சொன்னது. ஆனால் வெட்டவில்லை.

பழைய கருவியிலிருந்து கோபால்ட்டை எடுத்துச் சென்ற நாளில் நிருபர் என்று போனவன் நான் ஒருவன்தான். தடித்த இரும்புப் பெட்டி, லாரி, முன்னாலும் பின்னாலும் போலீஸ் வண்டி. வேடிக்கை பார்த்தவர்கள் பணம் போகிறது என்று நினைத்தார்கள். தமிழரசி வெறும் அறையைச் சுற்றி அளவுமானியோடு ஒருமுறை நடந்துவிட்டுக் கதவைத் திறந்தபடி விட்டார். அந்தக் கதவு திறந்து கிடந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

புதுக் கருவி சொன்ன மாதத்தில் வரவில்லை. சுவர் வேலை இழுத்தது. கருவி வந்தபோது மின் இணைப்பு தயாராக இல்லை. மாரப்பா காத்திருந்தால் பிப்ரவரி போய், யுகாதி போய், அடுத்த ஆடியும் வந்திருக்கும். இதை அவரிடம் நான் சொன்னதில்லை. அவரும் பேப்பர் படிப்பவர்தான்.

திறப்பு விழாவுக்கு எல்லா நாளிதழ்களும் வந்திருந்தன. நான் ஓய்வு பெறுவதற்கு முன் போன கடைசி அரசு விழா அது. திறந்தாலும் உடனே சிகிச்சை தொடங்காது. சோதனைகளும் அனுமதியும் முடிய இன்னும் வாரங்கள் ஆகும். அதுவரை வருபவர்களைப் பரிசோதித்துச் சேலத்துக்கு அனுப்புவார்கள். அதனால் யாரும் வீட்டில் காத்திருக்க வேண்டாம் என்பதைத் தமிழரசியிடம் கேட்டு உறுதிசெய்து, செய்தியின் முதல் வரியாக எழுதி அனுப்பினேன். டெஸ்க் ரிப்பன் வெட்டியதை முதலில் வைத்து, அந்த வரியைக் கடைசிக்குத் தள்ளியது. இம்முறை வெட்டவில்லை என்பதை முன்னேற்றமாகவே எடுத்துக்கொண்டேன்.

செய்தி வெளியான அன்று விடியற்காலையில் போன் அதிர்ந்தது. குழுவில் விலைச் செய்தி. மாரப்பாவின் குரல். கொஞ்ச நாளாகவே ரத்னம்மாவுக்குப் பதில் அவர் பேசத் தொடங்கியிருந்தார். முன்பைவிட ஒரு சுருதி கீழே, ஆனால் மூச்சு கேட்கவில்லை. அன்று அவர் விலையில் தொடங்கவில்லை. கன்னடத்தில் சொல்லி, தெலுங்கில் சொல்லி, தமிழில் சொன்னார்:

"எல்லாரும் கேட்டுக்கோங்க. புது மிஷின் தொறந்துட்டாங்க, பேப்பர்ல படம் வந்திருக்கும். இன்னும் ஓடல. ஓடட்டும்னு யாரும் வீட்ல உக்காந்திருக்காதீங்க. தொண்டையோ, மார்போ, எங்கயாவது கட்டின்னு சொன்னாங்கன்னா இன்னைக்கே போய்க் காட்டிக்குங்க. சேலம் போகச் சொன்னா சேலம் போங்க. இப்ப சாமந்தி..."

சாமந்தி விலையைச் சொல்வதற்குள் பேரிகையிலிருந்து யாரோ குறுக்கே ஒரு குரல் செய்தி போட்டிருந்தார்: "மாரப்பா, மொதல்ல ரேட்டைச் சொல்லுப்பா, வண்டி கெளம்புது."

உடனே பதில் வந்தது. கணீரென்று, தெலுங்கில் ஒரு திட்டு. அதற்குப் பிறகு தமிழில்:

"ரேட்டு எங்கயும் ஓடிப்போகாது. மொதல்ல நான் சொன்னதைக் கேளு."